மனசும் முடிவும்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, மூக்கையூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் ஏலக்கூடத்திலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

1. மனசு மனசுங்கிறீங்களே, அது நெஞ்சுல இருக்கா, தலையில இருக்கா?

யோசிப்பது, பயப்படுவது, ஆசைப்படுவது எல்லாம் மூளையின் வேலை. ஆனால் மூளை ஆபத்து என்று கணித்த நொடியிலேயே சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வாய் உலர்கிறது, வயிறு பிசைகிறது. அதனால்தான் மனசு நெஞ்சில் இருப்பதுபோலத் தோன்றுகிறது.

உடம்பு வழியாகவும் மனசைத் தணிக்கலாம் என்பதே இதில் கிடைக்கும் பயன். நாலு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடத்தில் படபடப்பு குறையத் தொடங்கும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். வேகவேகமாக ஆழ மூச்சு இழுத்தால் தலைசுற்றல்தான் மிஞ்சும்.

2. எங்க வீட்டுக்காரரு கிளம்பும்போது தங்கமா பேசுறாரு. மறுநாள் கடல்ல இருந்து வந்தா எரிஞ்சு விழுறாரு. எது அவரு உண்மையான குணம்?

நீங்கள் கேட்பது குணத்தைப் பற்றி. பதில் தூக்கத்தில் இருக்கிறது. விசைப்படகு காலையில் புறப்பட்டு மறுநாள் காலையில் கரை திரும்புகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்குத் தளர்ந்துவிடுகின்றன. வண்டி ஓட்ட நம் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03 சதவீதம்தான். வலை இழுத்துவிட்டு வந்து நிற்பவர் குடிக்காமலேயே அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறார். பசியும் வெயிலும் அதற்கு மேல்.

அடுத்தவர் சிடுசிடுத்தால் 'குணம் அப்படி' என்போம். நாம் சிடுசிடுத்தால் 'தூக்கம் இல்ல' என்போம். லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-இல் இந்தச் சாய்வுக்குப் பெயரே வைத்தார். வீட்டில் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொள்ளுங்கள்: குளித்து, சாப்பிட்டு, குறைந்தது நாலு மணி நேரம் தூங்கி எழும் வரை பணம், கல்யாணம், பிள்ளையின் மார்க் எதையும் எடுக்க வேண்டாம். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். களைப்பு எரிச்சலுக்குக் காரணமாகலாம். கை நீட்டுவதற்கு அது சாக்கு ஆகாது.

3. கோபத்த அடக்குனா நல்லதா, கொட்டித் தீர்த்தா நல்லதா?

இரண்டுமே சரியில்லை. கத்தித் தீர்த்தால் மனம் லேசாகும் என்பது பரவலான நம்பிக்கை. பிராட் புஷ்மன் 2002-இல் இதைச் சோதித்தார். சீண்டிவிடப்பட்ட மாணவர்களில் ஒரு பகுதியினர், சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள்; சிலர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. அடக்கி வைப்பதும் உதவாது: முகம் அமைதியாகத் தெரியும், உள்ளே ரத்த அழுத்தம் ஏறியே இருக்கும்.

செய்ய வேண்டியது மூன்று. இடத்தை விட்டு நகருங்கள், ஆனால் 'அரை மணி நேரத்துல வர்றேன், பேசலாம்' என்று சொல்லிவிட்டு நகருங்கள். சொல்லாமல் போனால் அதுவே அடுத்த சண்டை. முதல் பதிலில் சொன்ன மூச்சைச் செய்யுங்கள். பிறகு நடந்ததற்கு வேறு காரணம் என்ன இருக்கலாம் என்று ஒன்றாவது யோசியுங்கள். 'வேணும்னே பண்ணான்' என்ற ஒரே விளக்கத்தில் நிற்கும் வரை கோபம் இறங்காது. அந்த அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பாதீர்கள்.

4. நினைக்கக் கூடாதுன்னு நினைச்சா அதுவேதான் வந்து நிக்குது. அவரு கடலுக்குப் போன ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல.

வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி டேனியல் வெக்னர் 1987-இல் செய்த சோதனை இதைத்தான் காட்டியது. நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்குக் கரடி திரும்பத் திரும்ப வந்தது. தடை நீங்கியதும் இன்னும் அதிகமாக வந்தது. ஒரு நினைப்பைத் துரத்த வேண்டுமானால் அது வந்துவிட்டதா என்று மூளை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்ப்பதே நினைப்பதுதானே.

துரத்துவதை விட்டு அதற்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். சாயங்காலம் ஆறிலிருந்து ஆறேகால் வரை. காத்து மாறிடுமோ, எஞ்சின் நின்றுவிடுமோ, எல்லை தாண்டியதாகப் பிடித்துவிடுவார்களோ, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் நம் கையில் இருப்பதை எழுதுங்கள்: படகுப் பதிவெண், கூடப் போனவர்களின் பெயர், சங்கத் தலைவர் எண், கடலோரக் காவல் படையின் 1554. ராத்திரி அந்த நினைப்பு வந்தால் 'நாளைக்கு ஆறு மணிக்கு' என்று தள்ளிவையுங்கள். முதல் சில நாள் தள்ளாது. இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு இரவு கொஞ்சம் விடுபடும்.

5. போட்ட டீசலுக்காவது மீன் பார்க்காம எப்படிக் கரை திரும்புறது?

இந்தக் கரையில் அதிகச் சேதம் செய்யும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறோம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். எரிந்துபோன டீசல் நீங்கள் திரும்பினாலும் வராது, இன்னும் இரண்டு பாடு (வலைவீச்சு) வளைத்தாலும் வராது. முடிவில் அதற்கு இடமே இல்லை. கேட்க வேண்டியது ஒன்றே: இங்கிருந்து இனிமேல் எரியப்போகும் டீசலுக்கும் எடுக்கப்போகும் ஆபத்துக்கும் ஈடாக இனிமேல் என்ன கிடைக்கும்? ஆனால் மனசு செலவழித்ததையும் சேர்த்தே கணக்குப் பார்க்கும். ஆர்க்ஸும் புளூமரும் 1985-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாடகப் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும், முன்கூட்டிச் சொல்லாமல், தள்ளுபடி கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள்தான் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கொடுத்த காசு போகச் சொல்லி இழுத்தது.

கடலில் நின்றுகொண்டு இந்த இழுப்பை எதிர்ப்பது கஷ்டம். களைப்பு இருக்கிறது, கூட வந்தவர்களின் பங்கு இருக்கிறது, கரையில் படகு உரிமையாளரான சம்மாட்டி காத்திருக்கிறார். ஆகவே திரும்பும் முடிவைக் கரையிலேயே எடுத்துவிட வேண்டும். டாங்கியில் 30 லிட்டர் என்றால், போகவும் வலை வளைக்கவும் 10, திரும்ப 10, காற்று எதிர்த்தால் கையிருப்பு 10. முதல் 10 தீர்ந்ததும் மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரை. கச்சான் காத்து (மேற்குக் காற்று) வலுக்கும் மாதங்களில் கையிருப்பை இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். இந்த டீசல் அளவை, கிளம்பும் முன்பே எல்லார் காதிலும் விழச் சொல்லிவிடுங்கள். ஒருவர் மனசுக்குள் வைத்திருக்கும் அளவு நடுக்கடலில் நீண்டுவிடும். நாலு பேர் கேட்ட அளவு அவ்வளவு சுலபமாக நீளாது.

பழைய எஞ்சினுக்கு ரிப்பேர் மேல் ரிப்பேர் பார்ப்பதும், பிள்ளைக்குப் பிடிக்காத படிப்பில் 'ரெண்டு வருஷ பீஸ் கட்டியாச்சே' என்று நீடிப்பதும் இதே கதைதான்.

6. நஷ்டம் வந்தா ஒதுங்கணும்னு புத்திக்குத் தெரியுது. ஆனா இன்னும் பெருசா இறங்கச் சொல்லுதே மனசு?

உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு கேள்விகள் வருகின்றன. நிச்சயமாக 3,000 வேண்டுமா, அல்லது நூற்றுக்கு 80 வாய்ப்பில் 4,000 வேண்டுமா? 80 சதவீதம் பேர் நிச்சயமான 3,000-ஐ எடுத்தார்கள். அதையே திருப்பிக் கேட்டார்கள்: நிச்சயமாக 3,000 இழக்கிறீர்களா, அல்லது நூற்றுக்கு 80 வாய்ப்பில் 4,000 இழக்கும் பந்தயத்துக்கு வருகிறீர்களா? இப்போது 92 சதவீதம் பேர் பந்தயத்தை எடுத்தார்கள். லாபத்தில் பயந்த மனிதர் நஷ்டத்தில் துணிகிறார். இழப்பின் வலி, அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது அவர்களுடைய பிந்தைய கணக்கு.

ஆகவே நஷ்டப்பட்ட அன்றைக்குப் புதிதாகக் கடன் வாங்குவது, புது வலைக்கு அட்வான்ஸ் கொடுப்பது, இறால் கம்பெனியோடு ஒப்பந்தம் பேசுவது எதுவும் வேண்டாம். ஏழு நாள் கழித்து அதே யோசனை சரியாகப் பட்டால் அப்போது பாருங்கள்.

7. தம்பி போன்ல ரம்மி ஆடுறான். 'விட்டதப் பிடிச்சதும் நிறுத்திருவேன்'ங்கிறான். நிறுத்துவானா?

மேலே 6-இல் சொன்ன இழுப்போடு இன்னொன்றும் இதில் சேர்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடையிடையே கிடைக்கும் பரிசுதான் ஒரு செயலை மிக ஆழமாகப் பழக்கும். உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து இதைக் காட்டினார். எப்போதும் தோற்றால் ஆடுகிறவன் சலித்துவிடுவான். எப்போதாவது ஜெயிப்பதுதான் அவனைப் பிடித்து வைக்கிறது. 'இத்தனை ஆட்டம் தோத்தாச்சு, அடுத்தது நமக்குத்தான்' என்ற எண்ணமும் பொய். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் சுழல் சக்கரத்தின் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. அடுத்தது சிவப்புதான் என்று கட்டியவர்கள் பெரும் பணம் இழந்தார்கள். பந்துக்கு முந்தைய சுற்று ஞாபகமில்லை.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆனாலும் வேறு வேறு பெயரில் செயலிகள் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் செய்ய வேண்டியவை: சம்பளம் வரும் கணக்கை யுபிஐ செயலியிலிருந்து எடுத்துவிட்டு, அன்றாடச் செலவுக்குச் சின்னத் தொகையோடு வேறு கணக்கு வையுங்கள். கடன் செயலிகளை நீக்குங்கள். அவனுடைய கடன் முழுவதையும் ஒரே நாளில் அடைத்துக் கொடுக்காதீர்கள். பாரம் இறங்கிய கையோடு மறுபடி ஆட்டம் தொடங்குவது அடிக்கடி நடக்கிறது. யாருக்கு எவ்வளவு என்று அவனையே எழுதவைத்து, கடன் கொடுத்தவருக்கு நேராகத் தவணை கட்டுங்கள். திட்டினால் மறைவாக ஆடுவான், அவ்வளவுதான்.

8. பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துனா இப்பல்லாம் யாரும் பயப்படுறதில்லையே, ஏன்?

பலமுறை கூண்டு ஏறி, புயல் வேறு பக்கம் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூளை எழுதிக்கொள்ளும் பாடம் 'எச்சரிக்கை பொய்' என்பது. உண்மையில் அது எழுதியிருக்க வேண்டியது 'இந்த முறை தப்பித்தோம்' என்று. தவிர, எது சட்டென்று கண்முன் வருகிறதோ அதையே மனசு நடக்கக்கூடியதாக எடைபோடும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியையும் பயணிகளோடு ரயிலையும் கடல் கொண்டுபோனதை நேரில் கண்டு நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று எழுபதை நெருங்கியவர்கள். இளையவர்களுக்கு அது சுற்றுலா இடம்.

எண்களின் பொருள் தெரிந்தால் கூண்டு வெறும் சடங்காகத் தெரியாது. 1, 2: தூரக் கடலில் உருவாகியிருக்கிறது. 3, 4: துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5 முதல் 7 வரை: ஆபத்து. 8 முதல் 10 வரை: பெரும் ஆபத்து. 11: வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. கூண்டு ஏறிய பிறகு 'போகலாமா வேண்டாமா' என்று கடற்கரையில் கூடி நின்று பேசினால் துணிச்சல்காரர் குரல்தான் ஓங்கும். எந்த எண்ணுக்குப் படகை எங்கே கட்டுவது, முதியவர்களை எங்கே அனுப்புவது என்பதை வாடைக் காத்து தொடங்கும் முன்பே, ஐப்பசிக்குள், எழுதி வைத்துவிடுங்கள். கரையில் முடிவெடுப்பது என்று 5-இல் சொன்னதன் இன்னொரு வடிவம் இது.

9. லைப் ஜாக்கெட் போடாம முப்பது வருஷமா போறோம், ஒண்ணும் ஆகலையே?

ஆனவர்கள் வந்து சொல்ல முடியாது. கேட்பவர்கள் எல்லாருமே தப்பித்தவர்கள் என்பதால்தான் இந்த வாதம் வலுவாகத் தெரிகிறது. வெக்கையாக இருக்கிறது, வலை மாட்டுகிறது என்ற குறைகள் நியாயமானவை. அதற்கு மெலிதான, பக்கவாட்டில் இறுக்கிக் கட்டும் வகையைத் தேடுங்கள். படகில் மடித்து வைத்திருக்கும் ஜாக்கெட்டை விழுந்த பிறகு மாட்ட முடியாது. ஒற்றையாகப் போகும்போதும் இரவிலும் உடம்பில் இருக்கட்டும்.

10. முதல் பாடு நல்லா விழுந்த அன்னைக்குப் போட்ட சட்டையத்தான் எங்க ஆளு போடுவாரு. இது மூடநம்பிக்கையா?

பசிபிக் கடலின் டிராப்ரியண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி ஒன்றைக் கவனித்தார். அமைதியான கடற்கழியில் மீன் பிடிக்கும்போது அந்த மக்களுக்கு மந்திரச் சடங்கே இல்லை. ஆழ்கடலுக்குப் போகும்போது நிறைய இருந்தது. நம் கையில் இல்லாதது கூடும் இடத்தில் ராசி பார்ப்பதும் கூடுகிறது. அது மனிதருக்குப் பொது. படகில் எலுமிச்சை கட்டுவதும், ஓரியூர் தேவாலயத்தில் வேண்டிக்கொள்வதும், தர்காவில் பாத்தியா ஓதுவதும் கைநடுக்கத்தைக் குறைக்கிறது என்றால் அதை யாரும் பறிக்க வேண்டாம்.

ராசி எப்போது கெடுதல் என்றால், சோதிக்க வேண்டியதைச் சோதிக்காமல் விட வைக்கும்போது. சட்டை இருக்கட்டும்; படகுக்குள் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பு, மாற்று பேட்டரி, ஜிபிஎஸ் சார்ஜ் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். இன்னொன்று: வாசலில் எதிரே வந்த கைம்பெண்ணின் மீது பழி போடும் ராசி வழக்கத்தில் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை. விட்டுவிட வேண்டியது.

11. கையில காசு இல்லாத நேரத்துலதான் தப்புத் தப்பா முடிவு எடுக்குறோம். எங்க தலையெழுத்தா, படிப்பு இல்லாததா?

இரண்டும் இல்லை. இதற்கு நம் மாநிலத்திலேயே செய்த ஆய்வு இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன் பணமுடையிலும், அறுவடைக்குப் பின் பணம் வந்த பிறகும், புதிர்கள் கொடுத்துச் சோதித்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் நால்வரும் 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். அதே ஆள் முடையில் இருந்தபோது குறைவாகவே செய்தார். ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை. 'நாளைக்கு என்ன செய்வது' என்ற கவலை தலையின் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

நமக்கு அந்த முடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருகிறது. பள்ளிக்கூடம் திறப்பதும் அப்போதுதான். அந்த நேரத்தில் வாசலுக்கு வரும் கடனில் கண்ணுக்குத் தெரிவது தவணை மட்டுமே. 100-க்கு 5 வட்டி என்பது வருடத்துக்கு 60 சதவீதம். 50,000 வாங்கினால் மாதம் 2,500. இருபதே மாதத்தில் வட்டி மட்டும் இன்னொரு 50,000 ஆகிவிடும், முதல் அப்படியே நிற்கும். 8,500 கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் பிரிக்கும் தண்டலைப் பாருங்கள். பாதி நாளிலேயே பாதிப் பணத்தைத் திருப்பிவிடுவதால் உண்மை வட்டி வருடக் கணக்கில் 100 சதவீதத்தையும் தாண்டிவிடும். பொதுத்துறை வங்கியிலும் கூட்டுறவிலும் நகைக் கடன் பெரும்பாலும் 100-க்கு மாதம் ஒரு ரூபாய்க்கும் கீழே.

தடைக்காலக் கடனை மார்ச்சிலேயே, மீன் வரத்து இருக்கும்போதே, பேசி முடியுங்கள். எவ்வளவு தேவை, எங்கே வாங்குவது, எதை அடகு வைப்பது, எல்லாம். தலை தெளிவாக இருக்கும் மாதத்தில் எழுதிய தாளை, தெளிவில்லாத மாதத்தில் பார்த்து நடங்கள்.

12. சீசன்ல வர்ற காசு ஏன் தங்கவே மாட்டேங்குது?

ஒரே நோட்டுக்கு மனசு வேறு வேறு பெயர் வைக்கிறது. கூலிக் காசு, சீட்டுக் காசு, கணவாய் நல்லா விழுந்த அன்றைய 'அதிர்ஷ்டக் காசு'. அதிர்ஷ்டக் காசு சீக்கிரம் கரையும். ரிச்சர்ட் தேலர் இதை மனக்கணக்கு என்று விளக்கினார். 2017-இல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பழக்கத்தையே நமக்குச் சாதகமாகத் திருப்பலாம்: பணம் கைக்கு வரும் முன்பே பெயர் வைத்துவிடுங்கள்.

பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி, குறித்த தேதியோ தொகையோ வரும் வரை எடுக்கவே முடியாத சேமிப்புக் கணக்கைச் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தது. அந்த வாய்ப்பு கிடைத்தவர்களின் சேமிப்பு ஒரு வருடத்தில், கிடைக்காதவர்களோடு ஒப்பிட 81 சதவீதம் கூடியதாக 2006-இல் ஆய்வு வெளியானது. இங்கே அஞ்சலகத் தொடர் வைப்பும் குழுச் சேமிப்பும் அந்த வேலையைச் செய்யும். கடற்பாசி வளர்ப்பவர்களுக்கு 45 நாளுக்கு ஒருமுறை பணம் வருகிறது. கணக்கில் ஏறிய அன்றே பத்தில் இரண்டு பங்கு தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். பதிவில்லாத தீபாவளிச் சீட்டு இதற்கு மாற்று அல்ல.

13. யாவாரி முதல்ல சொல்ற வெலையிலேயே நம்ம பேச்சு சுத்துதே?

முதலில் காதில் விழும் எண் நங்கூரம் போல இறங்கிவிடும். கானமனும் ட்வெர்ஸ்கியும் 1974-இல் எழுதியது: சக்கரத்தைச் சுற்றி 10 வந்தவர்களும் 65 வந்தவர்களும், ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று ஊகித்தார்கள். 10 பார்த்தவர்கள் 25 என்றார்கள், 65 பார்த்தவர்கள் 45 என்றார்கள். சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் சம்பந்தமே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

நண்டுக்கோ கருவாட்டுக்கோ பேசப்போகும் முன் மற்ற இரண்டு கரைகளின் விலையைப் போனில் கேட்டு, இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்ற எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் விலையை நீங்களே சொல்லுங்கள். வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கிய படகுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும். அங்கே பிரச்சினை மனசில் இல்லை, கடனில் இருக்கிறது.

14. வீட்ல எல்லாருக்கும் வேண்டாம்னுதான் இருக்கு. ஆனா 'நாலு பேரு என்ன சொல்வாங்க'ன்னு கல்யாணத்துக்குக் கடன் வாங்குறோமே, லாத்தா (அக்கா)?

சாலமன் ஆஷ் 1951-இல் கோடுகளின் நீளத்தை வைத்துச் சோதித்தார். கூட இருந்தவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே தவறாகச் சொன்னபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு சாய்ந்தன. ஒரே ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால் அந்தச் சாய்வு பெருமளவு குறைந்தது. இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் பயன்படுத்த வேண்டும். 'நாலு பேரும்' உள்ளுக்குள் உங்களைப் போலவே நினைத்துக்கொண்டிருக்கலாம். சம்பந்தம் பேசும் முன், உங்களைப் போல நினைக்கும் ஒரு குடும்பத்தை ஜமாஅத்திலோ ஊர்க்கூட்டத்திலோ கண்டுபிடியுங்கள். பந்திக்கு இத்தனை பேர், நகை இவ்வளவு என்று இரண்டு குடும்பம் சேர்ந்து வெளிப்படையாகச் சொன்னால் மூன்றாவது குடும்பத்துக்குத் தைரியம் வரும்.

15. அவரு சபுர்ல (வெளிநாட்டுல) இருக்காரு. நேர்ல பேசுனா பிரச்சினையே இல்ல, போன்ல ஒரு வார்த்தைக்கு ரெண்டு நாள் சண்டை.

எழுத்தில் குரல் இல்லை; இல்லாத குரலை அன்றைய நம் மனநிலை போட்டுக்கொள்ளும். 'சரி' என்ற ஒரு சொல் களைத்தவருக்குக் கோபமாகக் கேட்கும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே வேலை முடிந்து எட்டு மணிக்கு அவர் பேசும்போது இங்கே ஒன்பதரை அல்லது பத்தரை. இரண்டு பக்கமும் 2-இல் சொன்ன களைப்பு. செலவுக் கணக்கும் உம்மாவின் குறைகளும் அவருடைய விடுமுறைநாள் பகலுக்கு இருக்கட்டும். வாரநாளில் பிள்ளை பேசட்டும், போதும்.

16. 'நாளையில இருந்து விட்டுர்றேன்'னு எத்தனை தடவ சொல்றது? பழக்கம் மாற எத்தனை நாள் ஆகும்?

21 நாள் என்பது கட்டுக்கதை. ஃபிலிப்பா லாலியின் ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் தானாக வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை போகும் என்று கணித்தார்கள். நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாகக் கெடுக்கவில்லை. 'நாளையிலிருந்து' என்ற உறுதியைவிட 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற உறுதி வலுவானது என்று பீட்டர் கோல்விட்சர் காட்டினார். 'டீக்கடையில பீடி நீட்டுனா, கடலை மிட்டாய் வாங்கி வாயில போடுவேன்.' இடம், நேரம், செயல் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

மதுவுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கைநடுக்கமும் வியர்வையும், இரண்டு மூன்று நாளில் வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வரலாம், உயிருக்கே ஆபத்து. மாலை போடும்போதும் தொடர்ந்து கடலில் தங்கும்போதும் இது நடக்கிறது. இல்லாத ஆள் தெரிகிறார் என்று பேசத் தொடங்கினால் அது பேய் இல்லை. உடனே மருத்துவமனை. நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் போனால் மருந்தும் வைட்டமின் பி1-உம் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்தவைப்பார்.

17. இதெல்லாம் வெளிநாட்டுக் காலேஜ் பசங்கள வச்சுப் பண்ண ஆராய்ச்சிதானே, நமக்குப் பொருந்துமா?

நியாயமான கேள்வி. உளவியல் ஆய்வுகளில் பெரும்பகுதி மேற்கத்திய, வசதியான, படித்தவர்களை வைத்தே செய்யப்பட்டது என்று ஹென்ரிக்கும் கூட்டாளிகளும் 2010-இல் குற்றம் சாட்டினார்கள். 2015-இல் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது நாற்பதுக்கும் குறைவானவற்றிலேயே பழைய முடிவு தெளிவாகக் கிடைத்தது. மனஉறுதி பேட்டரி மாதிரி தீரும் என்ற பிரபலமான கருத்தும் அப்படித்தான் ஆட்டம் கண்டது; அதனால் இங்கே அதைச் சேர்க்கவில்லை.

மேலே உள்ளவற்றில் நஷ்டம், லாபம் பற்றிய 6-ஆம் பதில் உறுதியானது. 2020-இல் 19 நாடுகளில் சோதித்தபோதும் பெரும்பாலும் நின்றது. தூக்கம், நங்கூர விலை இரண்டும் உறுதி. முடை பற்றிய 11-ஆம் பதிலில் விளைவின் அளவைப் பற்றி வாதம் தொடர்கிறது. வட்டிக் கணக்கில் வாதம் எதுவும் இல்லை.

18. மனசு சரியில்லன்னா ஏர்வாடிக்குப் போறதா, ஆஸ்பத்திரிக்குப் போறதா?

இரண்டுக்கும் போகலாம், ஆஸ்பத்திரியை விட்டுவிடக் கூடாது. மனநோய் தீர வேண்டி மக்கள் வந்து தங்கும் தர்கா இருக்கும் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு கொட்டகைக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 எந்த நோயாளியையும் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. துவாவோடு (பிரார்த்தனையோடு) தவாவும் (மருந்தும்) கிடைக்க வேண்டும் என்பதற்காகவே தர்காவை ஒட்டி 'தவா துவா' என்ற அரசுத் திட்டம் வந்தது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

எப்போது போவது? துக்கமோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் அன்றாடம் நீடித்து, தூக்கம், பசி, வேலை கெட்டால். காதில் இல்லாத குரல் கேட்டால், காரணமில்லாத சந்தேகம் வலுத்தால், அன்றைக்கே. சாக வேண்டும் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் 'அப்படி நினைக்கிறியா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

முதல் நாள் போகும்போது எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரம் தூக்கம், என்னென்ன மருந்து, குடி உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி, கூடவே இருப்பவர் ஒருவரையும் அழைத்துப் போங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் மந்தமும் இருக்கலாம். சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைப்பதையும் மருத்துவரே படிப்படியாகச் செய்ய வேண்டும். கடலுக்குப் போகிறவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூக்கம் வரவழைக்கும் மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது, எந்த நாள்களில் படகு ஏறக் கூடாது என்பதை அதற்கேற்ப அவர் குறித்துக் கொடுப்பார்.